சக்கர நாற்காலி: கணவனும் மனைவியும் சேர்ந்து கற்க வேண்டிய பாடம்

 

குடும்ப நலப் பேச்சு என்றாலே அளவான குடும்பம், கர்ப்பகாலக் கவனிப்பு, தடுப்பூசி, சத்துணவு என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேசப்போவது வேறு விஷயம். குடும்பத்தில் ஒருவருக்கு நடக்க முடியாமல் போய், வீட்டுக்குச் சக்கர நாற்காலி வந்துவிட்டால் அதை எப்படிப் பத்திரமாகக் கையாளுவது என்பதுதான் அது. "நமக்கு எதற்கு இது?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். பனை மரத்திலிருந்தோ தென்னை மரத்திலிருந்தோ விழுந்தவர், கிணற்றில் தவறியவர், மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், சர்க்கரை நோயால் காலை எடுக்க வேண்டி வந்தவர் என்று ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். அவரைக் கவனிப்பது பெரும்பாலும் அவருடைய மனைவி அல்லது கணவர்தான். ஆகவே இது குடும்ப நலப் பாடமேதான்.

நான் செய்த ஒரு தவறு

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேரி மணல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே முப்பது வயதுப் பனையேறித் தொழிலாளி ஒருவர் பதநீர் இறக்கும்போது மரத்திலிருந்து விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். சக்கர நாற்காலி வந்து சேர்ந்த அன்று நான் போயிருந்தேன். பிரேக் இது, கால் பலகை இது என்று பத்து நிமிடம் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து என்ன நடந்தது? வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு உண்டு. அந்த அம்மா கணவரை முன்பக்கம் பார்க்க உட்காரவைத்து இறக்கியிருக்கிறார். முன் சின்னச் சக்கரம் ஒரு கல்லில் தட்டியதும் நாற்காலி நின்றுவிட்டது, ஆள் நிற்கவில்லை. குப்புற விழுந்தார். காலில் உணர்ச்சி இல்லாததால் வலியும் தெரியவில்லை. மறுநாள் கால் வீங்கிய பிறகுதான் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

அதன்பின் அவர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். அடுத்த தடவை நான் போனபோது அது மூலையில் கிடந்தது. அதன்மேல் துணி காய்ந்தது. அவர் கட்டிலிலேயே கிடந்து கிடந்து, இடுப்பில் படுக்கைப் புண்ணும் வந்துவிட்டது. "ஏன் தம்பி, இதில் உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"அண்ணாச்சி, மரம் ஏற எங்க அப்பா எனக்கு ரெண்டு வருசம் பழக்குனாரு. கீழயே நின்னுக்கிட்டு, எங்க கால வைக்கே, எங்க கைய வைக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இந்த நாற்காலிக்கு நீங்க பத்து நிமிசம் பழக்கிட்டுப் போயிட்டீங்க."

நான் தலை குனிந்தேன். நாற்காலியைக் கொடுப்பது பாதி வேலை, ஓட்டப் பழக்குவது மீதி வேலை என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். புண் ஆறி, எலும்பு கூடிய பிறகு, இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், கணவன் மனைவி இரண்டு பேருக்குமே முதலிலிருந்து பழக்கினோம். அன்று அவர்கள் கற்றதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நாற்காலி ஏன் கவிழ்கிறது?

உட்கார்ந்திருப்பவரின் பாரம் பின்னால் உள்ள பெரிய சக்கரங்களுக்கும் முன்னால் உள்ள சின்னச் சக்கரங்களுக்கும் நடுவில் விழ வேண்டும். பாரம் பெரிய சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் போனால் மல்லாக்கக் கவிழும். சின்னச் சக்கரத்தைத் தாண்டி முன்னால் போனால் குப்புறக் கவிழும். தராசு மாதிரிதான்.

இதைத் தெரிந்துகொண்டால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம். மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போகிறது, ஆகவே உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். கைப்பிடியில் கனமான பையைத் தொங்கவிட்டால் நாற்காலி பின்னால் சாயும். கால் பலகைமேல் மிதித்து எழுந்தால் முன்னால் கவிழும். கீழே கிடக்கும் பொருளை எடுக்க இரண்டு கால்களுக்கும் நடுவே எட்டிக் குனிந்தாலும் அப்படித்தான். பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக் போட்டு, பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும்.

உட்காரும் முறை

1. இடுப்பு நாற்காலியின் பின்கடைசி வரை போய் ஒட்ட வேண்டும். முன்னால் சறுக்கி உட்கார்ந்தால் முதுகு வளையும், புண் வரும், விழவும் விழுவார்.

2. மடக்கிய முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும்.

3. பாதம் இரண்டும் கால் பலகையில் முழுக்கப் பதிய வேண்டும். பாதம் வழுக்கி விழுந்து சக்கரத்தில் சிக்குவதுண்டு. உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே கிளம்புமுன் கண்ணால் பாருங்கள்.

4. மெத்தை இல்லாமல் உட்காரக் கூடாது. மடித்த சாக்கோ பழைய தலையணையோ போதாது. எந்த மெத்தை ஏற்றது என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

5. உணர்ச்சி இல்லாதவர் அரைமணிக்கு ஒரு தடவையாவது பாரத்தை மாற்ற வேண்டும். முன்னால் நன்றாகக் குனியலாம், அல்லது வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறிச் சாயலாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். குனியும்போது பிரேக் போட்டிருக்க வேண்டும். விழுந்துவிடுவார் என்று தோன்றினால் துணைவர் முன்னால் நின்று தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது இடுப்பு, பிட்டம், குதிகால் மூன்றையும் மனைவியோ கணவரோ பார்க்க வேண்டும். சிவந்தோ கறுத்தோ இருக்கும் இடம் சீக்கிரம் பழைய நிறத்துக்கு வரவில்லை என்றால், அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து, உடனே சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

கட்டிலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக நாற்காலியைக் கொண்டுவாருங்கள். முதலில் இரண்டு பிரேக்கும் போட வேண்டும். அடுத்து கால் பலகையைத் தூக்கிவிட வேண்டும் அல்லது ஒதுக்க வேண்டும். கட்டில் பக்கத்துக் கைத்தாங்கி கழற்றக் கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். கை பலமாக உள்ளவர், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலம் போட்ட மாதிரி வழவழப்பான பலகை ஒன்றை வைத்து, கையை ஊன்றி நகர்ந்து மாறிக்கொள்ளலாம். உராய்த்து இழுக்காதீர்கள், தோல் பிய்ந்துவிடும்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். பிரேக் என்பது நின்ற நாற்காலியை அசையாமல் நிறுத்துவதற்குத்தான். ஓடுகிற நாற்காலியைத் திடீரென்று நிறுத்த அதைப் போட்டால் ஆள் முன்னால் பாய்ந்துவிடுவார்.

தானே ஓட்டுவது

பெரிய சக்கரத்துக்கு வெளியே ஒரு கைவளையம் இருக்கிறதல்லவா? அதைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். டயரையோ போக்ஸ் கம்பியையோ தொடக் கூடாது. சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 11 மணி இருக்கும் இடத்தில் பிடித்து, 2 மணி வரை நீளமாகத் தள்ளி, கையை விட்டுவிட வேண்டும். சின்னச் சின்னதாகப் பல தடவை தள்ளினால் தோள்பட்டை தேய்ந்துபோகும். கால் வேலையையும் இனிக் கைதானே செய்ய வேண்டும்! தோளைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

வேகம் குறைக்க, கைவளையத்தை உள்ளங்கையில் லேசாக உரசவிடுங்கள். திரும்ப, ஒரு சக்கரத்தை முன்னால் தள்ளி, மற்றதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பலாம். களத்துமேடு போல சமமான இடத்தில் முதலில் பழகுங்கள்.

துணைவர் தள்ளும்போது

"போகலாமா?" என்று கேட்ட பிறகுதான் நாற்காலியைத் தொட வேண்டும். சொல்லாமல் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் தடுமாறுவார். அதுவும் தவிர, அந்த நாற்காலி இப்போது அவருடைய கால். கேட்காமல் ஒருவரின் காலைப் பிடித்து நாம் இழுப்போமா?

சரிவில் இறங்க: என்னால் அந்த வீட்டில் சொல்லப்படாமல் போன பாடம் இதுதான். செங்குத்தான சரிவில் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இறக்க வேண்டும். துணைவர் கீழ்ப்பக்கம் நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே, அடி அடியாக இறங்க வேண்டும். ஆள் சாய்வதும் நாற்காலியின் முதுகுப் பக்கமே ஆகையால் வெளியே விழமாட்டார். உட்கார்ந்திருப்பவரும் கைவளையத்தைப் பிடித்து உதவலாம்.

படி ஏற: படிக்கு நேராக நிறுத்துங்கள். நாற்காலியின் பின்னால் கீழே இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு காலை வைத்து அழுத்தி, கைப்பிடியைக் கீழே தாழ்த்தினால் முன் சக்கரம் எழும்பும். முன் சக்கரத்தைப் படிமேல் வைத்து, பெரிய சக்கரம் படியில் முட்டும் வரை போய், பிறகு முன்னால் தள்ளி ஏற்றுங்கள். கையால் தூக்க வேண்டாம், தொடை பலத்தால் தள்ளுங்கள்.

படி இறங்க: பின்பக்கமாகத் திரும்பி, பெரிய சக்கரத்தை முதலில் மெதுவாக இறக்குங்கள். முன் சக்கரம் படியைத் தாண்டும் வரை நாற்காலியைச் சாய்த்தே வைத்திருந்து, பிறகு தரையில் வையுங்கள்.

மணலில்: தேரி மணலில் சின்னச் சக்கரம் புதையும். முன்னால் தள்ளத் தள்ள இன்னும் புதையும். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் நிறுத்தி, பின்பக்கமாக இழுத்துப் போங்கள். எளிதாக வரும்.

பல படிகள் இருந்தால் இரண்டு பேருக்குக் குறையாமல் வேண்டும். கைத்தாங்கியையோ கால் பலகையையோ பிடித்துத் தூக்காதீர்கள். அவை கழன்று வரும். அசையாத சட்டத்தைப் பிடியுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணும், பிரசவமாகிச் சில வாரமே ஆனவரும் இந்தத் தூக்கும் வேலையைச் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தாரை உதவிக்குக் கூப்பிடுவதில் வெட்கம் வேண்டாம்.

வீட்டு வாசலில் சாய்தளம் கட்ட முடிந்தால் மிகவும் நல்லது. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. நான்கு அங்குலப் படி என்றால் நான்கு அடி நீளச் சரிவு போதும்.

இரண்டு சக்கரத்தில் நிற்கும் சமநிலை

முன் சக்கரத்தைத் தூக்கி, பெரிய சக்கரம் இரண்டில் மட்டும் நாற்காலியை நிறுத்தும் வித்தை ஒன்று உண்டு. இது வேடிக்கைக்கு இல்லை. மேடு பள்ளமான நம் தெருக்களில் ஒரு கல்லையோ வாய்க்கால் விளிம்பையோ யாருடைய துணையும் இல்லாமல் தாண்ட இது வேண்டும். ஆனால் எல்லோரும் செய்யக் கூடியது இல்லை. கை பலமுள்ளவர்கள், முதுகெலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் பழக வேண்டும். பக்கவாதக்காரரும் முதியவரும் இதை விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் துணைவர் சாய்த்துக் கொடுத்தால் போதும்.

பழகும் முறை இது. புல் தரை அல்லது மெத்தை விரித்த இடம் வேண்டும். கவிழாமல் தடுக்கும் சின்னப் பின்சக்கரம் இருந்தால், பழகும் நேரத்துக்கு மட்டும் அதை ஒதுக்க வேண்டும். துணைவர் பின்னால், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று, கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இரண்டு கையையும் வைத்திருக்க வேண்டும். நாற்காலிச் சட்டத்தில் பலமான பட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொள்வது இன்னும் பத்திரம்.

முதல் நாள், துணைவரே மெல்லச் சாய்த்து, முன்னும் விழாமல் பின்னும் விழாமல் நாற்காலி எடையற்று நிற்கும் இடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடத்தை உடம்பு அறிந்துகொள்ளட்டும். அதன்பின் உட்கார்ந்திருப்பவர் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, உடனே முன்னால் வெட்டித் தள்ளினால் முன் சக்கரம் எழும்பும். பின்னால் விழப்போகிற மாதிரி இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். முன்னால் விழப்போகிற மாதிரி இருந்தால் முன்னால் தள்ள வேண்டும். விரல்மேல் விளக்குமாற்றை நிறுத்திச் சிறுவர்கள் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்களே! குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோவார்கள். இதுவும் அதே கணக்குதான்.

மல்லாக்க விழ நேர்ந்தால் என்ன செய்வது? தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்போது பின்மண்டை தரையில் மோதாது. ஒரு கையை முழங்கால்களுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டால் முழங்கால் முகத்தில் வந்து இடிக்காது. கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு முறியும். இதைத் துணைவர் பிடித்திருக்கும்போதே பலமுறை செய்து பழகுங்கள். துணை இல்லாமல் ஒருநாளும் தனியே பழக வேண்டாம். பதறாத காரியம் சிதறாது.

நாற்காலிக்கும் வைத்தியம் வேண்டும்

வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். காற்று சரியாக இருக்கிறதா? காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது. நட்டு, போல்ட் தளர்ந்திருக்கிறதா? போக்ஸ் கம்பி உடைந்திருக்கிறதா? சின்னச் சக்கரத்தில் மணலும் முடியும் சுற்றியிருக்கிறதா? மெத்தை தட்டையாகிவிட்டதா? பெரும்பாலான பழுதுகளை உள்ளூர் சைக்கிள் கடையிலேயே சரி செய்துவிடலாம்.

மனசுக்கு ஒரு வார்த்தை

சக்கர நாற்காலி வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இரண்டு பேரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தம்மைப் போன்றவர்களுக்கு மறுவாழ்வு தரும் மருத்துவத்தை வேலூரில் வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருக்கும் 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தம்பதிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முதுகுத் தண்டில் அடிபட்டால் தாம்பத்தியமும் பிள்ளைப்பேறும் முடிந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். பெண் அடிபட்டிருந்தால் பெரும்பாலும் கருத்தரிக்க முடியும். ஆகவே பிள்ளை வேண்டுமென்றாலும், இப்போது வேண்டாமென்றாலும் ஆலோசனை தேவை. ஆண் அடிபட்டிருந்தாலும் சிகிச்சை வழிகள் உண்டு. கூச்சப்படாமல் இரண்டு பேரும் சேர்ந்து மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கே உதவி கிடைக்கும்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வையுங்கள். நாற்காலி வாங்கும்போது, "ஓட்டப் பழக்கித் தாருங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடத்தில் யாராவது கிளம்பினால் விடாதீர்கள். அது நானாக இருந்தாலும் சரி!

போன மாதம் அந்தத் தேரி ஓரத்து ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் சாய்தளம் இருந்தது, துணி கொடியில் காய்ந்தது, நாற்காலியைக் காணோம். "எங்கேம்மா அவர்?" என்றேன். "கடைக்குப் போயிருக்காவ ஸார். நான் தள்ளுதேன்னு சொன்னா எங்க கேக்காவ?" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். அலுப்பு வாயில்தான் இருந்தது, முகத்தில் இல்லை.

தினம் அரைமணி நேரம் போதும், தாய்மார்களே, பெரியோர்களே. ஒருவர் உட்கார, ஒருவர் பின்னால் நிற்க, இரண்டு பேரும் சேர்ந்து பழகுங்கள். உங்கள் வீட்டில் தேவை இல்லையென்றால், தேவையுள்ள பக்கத்து வீட்டுக்கு இந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, ஒருமுறை படித்தும் காட்டுங்கள்.